ஹேர் பேட்ச் பராமரிப்பு: சலூனை நம்புவதா, நாமே செய்துகொள்வதா? முழுமையான வழிகாட்டி

மூன்று வருடங்களுக்கு முன், மே மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. நான் மருந்துக் கம்பெனி ரெப். திருச்சியிலிருந்து பைக்கில் கிளம்பி, காரைக்குடியில் ஒரு டாக்டரின் கிளினிக் வாசலில் காத்திருந்தேன். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தபோது இடது பக்கம் விரலில் ஏதோ இடறியது. பக்கத்தில் நின்ற காரின் கண்ணாடியில் குனிந்து பார்த்தேன். வழுக்கையை மறைக்கத் தலையில் ஒட்டியிருந்த செயற்கை முடித்தொகுப்பான ஹேர் பேட்ச்சின் முன் ஓரம் ஓர் அங்குல நீளத்துக்குப் பசை விட்டு, காய்ந்த இலை மாதிரி சுருண்டு நின்றது.

சர்வீஸ் செய்யும் சலூனுக்கு போன் போட்டேன். "சார், இன்னைக்குச் செவ்வாக்கிழமை, கடை லீவு. நாளைக்குக் காலையில வாங்க சார்" என்றார் அந்தப் பையன். அதுவரை என்ன செய்வது என்று கேட்டேன். "தொடாம விடுங்க சார், கை வெச்சா இன்னும் பிரியும்." டாக்டரைப் பார்க்காமலே ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு 90 கிலோமீட்டர் திரும்பி வந்தேன்.

பசை விட்டது பெரிய விஷயமே இல்லை, அது யாருக்கும் நடக்கும். ஒன்றரை வருடமாக அதைத் தலையில் வைத்திருந்தும், எந்தப் பசையால் ஒட்டியிருக்கிறார்கள், எப்படிக் கழற்றுவது என்று எதுவுமே எனக்குத் தெரியாமல் இருந்ததுதான் மனதை அறுத்தது. அந்த வாரமே கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். இன்றைக்கு என் பேட்ச்சை நானேதான் கழற்றி, கழுவி, ஒட்டுகிறேன். முடி வெட்ட மட்டும் சலூனுக்குப் போகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் காலம் முழுக்கச் சலூனுக்கே போவதாக இருந்தாலும் சரி, பேட்ச்சைக் கழற்றவும் திரும்ப ஒட்டவும் கட்டாயம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். வெட்டுவதை மட்டும் கைதேர்ந்தவரிடம் விட்டுவிடுங்கள். இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

உங்கள் தலையில் இருப்பது எந்த வகை?

இது தெரியாமல் எதையும் தொடக்கூடாது. பேட்ச்சில் முடி கோத்திருக்கும் அடித்தளத்தை 'பேஸ்' என்பார்கள். பெரும்பாலும் மூன்று வகை.

லேஸ் என்பது கொசுவலையைவிட நுணுக்கமான வலை. ஒவ்வொரு முடியையும் அதில் கையால் முடிச்சுப் போட்டுக் கோத்திருப்பார்கள். காற்றோட்டமாக இருக்கும், முன் ஓரம் இயல்பாகத் தெரியும். ஆனால் சீக்கிரம் கிழியும், பசை வலைக்கண் வழியாக மேலே ஏறும். பாலி அல்லது ஸ்கின் என்பது கண்ணாடி போன்ற மெல்லிய படலம். டேப் நன்றாகப் பிடிக்கும், சுத்தம் செய்வது சுலபம், ஆனால் உள்ளே வியர்வை தேங்கும். மோனோ என்பது கெட்டியான நைலான் வலை. பல மாதம் உழைக்கும், ஆனால் முன் ஓரம் சற்றுத் தடிப்பாகத் தெரியும்.

நம் ஊர்ச் சலூன்களில் அதிகம் விற்பது கலப்பு வகை: நடுவில் லேஸ் அல்லது மோனோ, சுற்றிலும் பாலிப் பட்டை, சிலவற்றில் முன்னால் மட்டும் லேஸ். 'மிராஜ்', 'ஃப்ரண்ட் லேஸ்' என்று ஆளாளுக்கு ஒரு பெயர் சொல்வார்கள். பெயரை நம்பாதீர்கள். அடுத்த முறை கழற்றும்போது திருப்பிப் பார்த்து, எந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் பாலிப் பட்டை இருந்தால் வீட்டுப் பராமரிப்பு பாதி சுலபம். முழு லேஸ் என்றால் கை பழக நாளாகும்.

ஒட்டும் முறையும் மூன்று: கிளிப், டேப், பசை. இதில் கிளிப் விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். தினமும் கழற்றி மாட்ட வசதிதான். ஆனால் மிச்சம் இருக்கும் உங்கள் சொந்த முடியைத்தான் அது பிடித்து இழுக்கிறது. மாதக்கணக்கில் ஒரே இடத்தில் இழுபட்டால் அந்த இடமும் வழுக்கையாகும். பேட்ச் போட்டால் தலைக்குக் காற்று போகாமல் இருக்கிற முடியும் கொட்டும் என்று பயமுறுத்துவார்கள். முடியின் வேருக்கு ஆக்சிஜன் ரத்தத்திலிருந்து போகிறது, மேலே அடிக்கும் காற்றிலிருந்து இல்லை. இழுப்பும், தோலில் வரும் புண்ணும்தான் உண்மையான ஆபத்து.

அந்த முடிக்கு ஏன் இவ்வளவு கவனிப்பு?

திருப்பதியிலும் பழனியிலும் காணிக்கையாக விழும் முடி ஏலத்தில் போகிறது. இந்திய முடியில் ஒரு பெரும் பங்கு சீனாவுக்குப் போய், கிங்டாவ் போன்ற ஊர்களின் தொழிற்சாலைகளில் பேஸில் கோக்கப்பட்டுத் திரும்பி வருகிறது. யாரோ ஒருவர் வேண்டிக்கொண்டு கொடுத்த முடி என் தலையில் இருக்கலாம் என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அதனாலேயே அதை அலட்சியமாகக் கையாள மனம் வருவதில்லை.

போகும் வழியில் அந்த முடி நிறையப் பட்டிருக்கும். தரம் குறைந்த முடியில் வேர்ப்பக்கமும் நுனிப்பக்கமும் கலந்து கிடக்கும். அப்படியே விட்டால் முடியின் மேல்செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிச் சிக்கு விழும் என்பதால், அமிலக் குளியலில் செதிலை நீக்கி, சிலிக்கோன் பூச்சுக் கொடுத்துப் பளபளப்பாக்குவார்கள். சில குளியலில் அந்தப் பூச்சு போனதும் முடி வறண்டு நார் மாதிரி ஆகும். நம் முடிக்குத் தோலிலிருந்து எண்ணெய்ப் பசை ஊறிக்கொண்டே இருக்கும். பேட்ச் முடிக்கு அந்த ஊற்றே கிடையாது. வெயிலில் நிறம் வெளுத்துச் செம்பட்டையாகும். உடைந்தால் உடைந்ததுதான், வெட்டினால் வெட்டினதுதான், வளரவே வளராது. கீழே சொல்லும் எல்லாவற்றுக்கும் காரணம் இந்த ஒரு விஷயத்தில்தான் இருக்கிறது.

செலவுக் கணக்கு

என் கணக்கையே சொல்கிறேன், உங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். சலூனில் ஒரு சர்வீஸுக்கு 1,000 ரூபாய் கொடுத்தேன். கழற்றி, கழுவி, தலையை ஷேவ் செய்து, புது டேப் போட்டு ஒட்டி, பக்கவாட்டு முடியை ஒதுக்கிவிடுவார்கள். 20 நாளுக்கு ஒரு முறை என்றால் வருடத்துக்கு 18 முறை, 18,000 ரூபாய். கோடையில் 12 நாளிலேயே ஓரம் தூக்கும், அப்போது இன்னும் கூடும். இப்போது டேப், பசை, பசையை இளக்கும் ரிமூவர், ஷாம்பு எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 6,000 ரூபாய்க்குள் முடிகிறது. சலூனில் முடி வெட்ட மாதம் 200 ரூபாய். பேட்ச்சின் விலை இரண்டு கணக்குக்கும் பொது.

ஆனால் பணத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். சலூனில் ஒரு சர்வீஸுக்கு இரண்டு மணி நேரம் போகும், போக வரத் தனி. வீட்டில் எனக்கு ஆரம்பத்தில் மூன்று மணி நேரம் ஆனது. இப்போது கழற்றிக் கழுவ 40 நிமிடம், ஒட்ட 40 நிமிடம். அதைவிடப் பெரிய லாபம், ஓரம் தூக்கினால் பத்து நிமிடத்தில் நானே சரிசெய்துவிடுகிறேன்.

சலூனிடம் விட வேண்டியது

புதுப் பேட்ச் வந்ததும் அதில் முடி மிக நீளமாக, ஒரே அளவில் இருக்கும். அதை உங்கள் தலையில் ஒட்டி, பக்கவாட்டு முடியோடு கலக்கும்படி வெட்டுவதுதான் முதல் வெட்டு. இதை வீட்டில் முயலவே வேண்டாம். பேட்ச் வெட்டிப் பழகிய கை தின்னிங் கத்தரியால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, பேட்ச் எங்கே முடிகிறது, சொந்த முடி எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாமல் செய்துவிடும். அவசரக் கை ஒரே வெட்டில் ஒரு வருடப் பேட்ச்சை வீணாக்கிவிடும்.

நிறப் பொருத்தமும் அவர்கள் வேலை. கடும் கருப்பு 1, இயல்பான கருப்பு 1பி என்று எண் உண்டு. நம்மில் பெரும்பாலானவர்களுக்கு 1பி பொருந்தும், 1 என்பது டை அடித்த மாதிரித் தெரியும். பக்கவாட்டில் நரை இருந்தால் 10 சதவீதம், 20 சதவீதம் நரை கலந்த பேட்ச் கிடைக்கும். அந்த நரை முடி பெரும்பாலும் செயற்கை இழை. அதற்கு டை பிடிக்காது, சூட்டில் கருகும்.

முன் ஓரத்தை மட்டும் நீங்கள் விட்டுக்கொடுக்காதீர்கள். பல இடங்களில் இளமையாகத் தெரியட்டும் என்று நெற்றியில் இறக்கி வைத்துவிடுவார்கள். புருவத்தை உயர்த்துங்கள், நெற்றியில் விழும் மேல்கோட்டுக்கு ஒரு விரல் மேலேதான் முடி ஆரம்பிக்க வேண்டும். 40 வயதுக்காரருக்கு நேர்க்கோடு போட்ட முன் ஓரம் பொருந்தாது, இரு பக்கமும் கொஞ்சம் உள்வாங்கி இருக்கட்டும்.

அப்புறம், உங்கள் பக்கவாட்டு முடி மாதம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வளரும், பேட்ச் அப்படியே நிற்கும். மூன்று வாரத்துக்கு ஒரு முறை பக்கவாட்டை ஒதுக்காவிட்டால் தொப்பி வைத்த மாதிரி இருக்கும். அதற்கும் சலூனுக்குப் போய்விடுங்கள்.

வாங்கி வைக்க வேண்டியவை

இரட்டைப் பக்க டேப், முன் ஓரத்துக்குத் தண்ணீர் அடிப்படையிலான பசை, ரிமூவர், தோலைத் துடைக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், தோலுக்கும் பசைக்கும் நடுவில் தடவும் ஸ்கால்ப் ப்ரொடெக்டர், சல்ஃபேட் இல்லாத ஷாம்பு, கண்டிஷனர், அகலப் பல் சீப்பு, பழைய மென்மையான டூத் பிரஷ். பின்னந்தலையைப் பார்க்க இரண்டாவது கண்ணாடி ஒன்றும் வேண்டும்.

டேப்பில், லேஸ் முன் ஓரத்துக்கு என்று வரும் நீலத்தாள் டேப் சுத்தம் செய்ய எளிது, புதிதாகப் பழகுபவர்கள் அதில் ஆரம்பியுங்கள். 'அல்ட்ரா ஹோல்ட்' போன்ற வலுவான டேப் நாள் கூட நிற்கும், ஆனால் அதன் பிசின் தலையையும் பேஸையும் விட்டு லேசில் போகாது. பசையில் 'கோஸ்ட் பாண்ட்' நிறையப் பேர் பயன்படுத்துவது. பெயர் பெற்ற பசைக்கெல்லாம் போலியும் உண்டு, அடிமாட்டு விலைக்குக் கிடைத்தால் வாங்காதீர்கள். தோலில் படுவது இது.

ரிமூவரில் 'சி-22' என்ற ஆரஞ்சுத் தோல் வாசனை அடிக்கும் வகை எனக்கு நன்றாக வேலை செய்கிறது. ஆல்கஹால் சட்டென்று தீப்பிடிக்கும். பூஜை விளக்கு எரியும் அறையில், சமையலறையில், சிகரெட் பிடிப்பவர் பக்கத்தில் பாட்டிலைத் திறக்க வேண்டாம். ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

எந்தப் பசையும் டேப்பும் புதிதாக வாங்கினால், முழங்கையின் உள்பக்கத்தில் ஒரு பொட்டு அளவு ஒட்டி 48 மணி நேரம் பாருங்கள். சிவந்தால், அரித்தால் அதைத் தலைக்குக் கொண்டுபோகக் கூடாது. இந்தப் பசைகளில் இருக்கும் அக்ரிலேட் சிலருக்கு ஒவ்வாது. ஒருமுறை ஒவ்வாமை வந்தால் அடுத்தடுத்த முறை கூடுதலாகத்தான் வரும்.

கழற்றுவது

முதல் முறை செய்யும்போது மறுநாள் வேலை இல்லாத நாளாகப் பாருங்கள். நான் சனிக்கிழமை இரவு கழற்றி, ஞாயிறு காலை ஒட்டுகிறேன்.

பேட்ச்சைச் சீவிச் சிக்கெடுத்து, முடியை முன்பக்கமாகத் தள்ளிவிட்டுக் கிளிப் போட்டுக்கொள்ளுங்கள். கண்ணில் வழியாமல் இருக்க நெற்றியில் ஒரு துண்டைக் கட்டுங்கள். பின்பக்க ஓரத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும், முன் லேஸ் எப்போதும் கடைசி. பின் ஓரத்தில் ரிமூவரை நான்கைந்து முறை ஸ்ப்ரே செய்துவிட்டு மூன்று நிமிடம் சும்மா இருங்கள். இந்த மூன்று நிமிடம்தான் எல்லாம். பொறுமை இல்லாமல் இழுத்தவர்களுக்குத்தான் லேஸ் கிழிகிறது, தோல் உரிகிறது.

விரல் நுனியால் ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். லேசாக எழுந்து வந்தால், எழுந்த இடத்துக்கும் தலைக்கும் நடுவில் மறுபடி ஸ்ப்ரே செய்து, கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் சுருட்டிக்கொண்டே வாருங்கள். எங்கே பிடிப்பு இருக்கிறதோ அங்கே இழுக்காமல் நனையுங்கள், காத்திருங்கள். முன் லேஸ் வந்ததும், ரிமூவரில் நனைத்த பஞ்சை அதன் மேல் இரண்டு நிமிடம் வைத்து அழுத்திக்கொள்ளுங்கள், தானாக விட்டுவிடும்.

நான் முதல் தடவை செய்தபோது என் மனைவிதான் பின்னால் நின்று பார்த்தாள். "என்னங்க, இழுக்காதீங்க, இந்தப் பக்கம் இன்னும் ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கு" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்ததால்தான் அந்தப் பேட்ச் தப்பித்தது. வீட்டில் ஒருவரிடம் மனம் விட்டுச் சொல்லி உதவிக்கு வைத்துக்கொள்ளுங்கள். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் போராடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

டேப் பெரும்பாலும் பேட்ச்சோடு வந்துவிடும். பேட்ச்சைத் துண்டின் மேல் மல்லாத்தி வைத்து, டேப் மேல் ரிமூவரை அடித்து ஐந்து நிமிடம் விட்டு, கட்டை விரலால் உருட்டி எடுங்கள். பாலி ஓரத்தில் சப்பாத்தி மாவு திரளுவது போல் பிசின் உருண்டு வரும். லேஸில் நகம் படக்கூடாது. டூத் பிரஷால் ஒரே திசையில் மெதுவாக ஒற்றி எடுங்கள். மெல்லிய பாலியை ரிமூவரில் நீண்ட நேரம் ஊறவைக்காதீர்கள், சுருங்கிப்போகும்.

கழுவுவது

அகலமான பாத்திரத்தில் தண்ணீர் எடுத்து ஷாம்புவைக் கலக்கி, பேட்ச்சை அதில் வேரிலிருந்து நுனிக்கு ஒரே திசையில் முக்கி முக்கி எடுங்கள். கசக்குவது, பிழிவது, நம் தலையைத் தேய்ப்பது மாதிரி வட்டமாகத் தேய்ப்பது எதுவும் கூடாது. பேஸின் உள்பக்கத்தில் ரிமூவரின் எண்ணெய்த்தன்மை துளிகூட மிஞ்சக்கூடாது. அது இருந்தால் புது டேப் ஒட்டாது. விரலால் தடவினால் வழுக்காமல் இருக்கும்வரை அலசுங்கள்.

கண்டிஷனரை முடியின் நடுவிலிருந்து நுனி வரை மட்டும் தடவி ஐந்து நிமிடம் விடுங்கள். பேஸில் படக்கூடாது. பட்டால் முடிச்சுகள் வழுக்கித் தளர்ந்து முடி கொட்டும், பசையும் பிடிக்காது.

தண்ணீர் விஷயத்தை யாரும் சொல்லித் தருவதில்லை, நான் அனுபவித்துத் தெரிந்துகொண்டது. எங்கள் வீட்டில் போர் தண்ணீர், வாளியின் உள்பக்கம் வெள்ளையாக உப்பு படியும். அதே உப்பு பேட்ச் முடியிலும் படிந்து சொரசொரப்பாக்கிவிடுகிறது. கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு சொம்பு ஆர்ஓ தண்ணீர் ஊற்ற ஆரம்பித்த பிறகு என் பேட்ச்சில் சிக்கு விழுவது நன்றாகக் குறைந்தது.

அலசியதும் துண்டில் வைத்து ஒற்றியெடுத்து, கவிழ்த்து வைத்த எவர்சில்வர் பாத்திரத்தின் மேல் போட்டு ஃபேன் காற்றில் காயவிடுங்கள். வெயிலில் வேண்டாம். ஈரத்தில் சீவ வேண்டாம். காய்ந்ததும் நுனியிலிருந்து சீவ ஆரம்பித்து மேலே வாருங்கள்.

தலைத்தோல்

பேட்ச் காயும் நேரத்தில் உங்கள் தலையைக் கவனியுங்கள். ஒட்டும் இடத்தில் முளைத்திருக்கும் முடியைப் புது பிளேடால் அல்லது டிரிம்மரால் எடுங்கள். ஷாம்பு போட்டு இரண்டு முறை கழுவுங்கள். அன்று இரவு தலை வெறுமையாகவே இருக்கட்டும். மூன்று வாரமாக மூடிக் கிடந்த தோல் அது, ஓர் இரவு ஓய்வு கொடுத்தால் அரிப்பு பாதி குறையும்.

காலையில் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். சிறு சிவப்பு இருந்தால் இன்னொரு நாள் காத்திருங்கள். சீழ் வைத்த பரு, நீர் வடியும் புண், வட்டமாகப் படை, கொப்புளம் இதில் எது இருந்தாலும் ஒட்டக்கூடாது, தோல் டாக்டரிடம் காட்டுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள், புண் ஆற நாளாகும். முடி வளரத் தலையில் தடவும் மினாக்சிடில் மருந்தைப் போடுகிறவர்கள் ஒட்டிய பேட்ச்சோடு அதைத் தொடர முடியாது, மருந்து தோலுக்கும் போய்ச் சேராது, பசையையும் இளக்கிவிடும். எது வேண்டும் என்று டாக்டரிடம் பேசி முடிவெடுங்கள்.

ஒட்டுவது

குளித்து முடித்து வியர்வை அடங்கிய பிறகு உட்காருங்கள். ஏசி இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் ஃபேனுக்கு நேராக.

முதலில் பேட்ச்சை ஒட்டாமலே தலையில் வைத்து, இடம் சரிபார்த்து, முன் ஓரத்தின் நடுப்புள்ளியை ஐப்ரோ பென்சிலால் நெற்றியில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒட்டும் இடத்தை ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடையுங்கள். காய்ந்ததும் ஸ்கால்ப் ப்ரொடெக்டரை மெல்லிசாகத் தடவி நன்றாக உலரவிடுங்கள்.

டேப்பைச் சுற்றிலும் பாலிப் பட்டையில் ஒட்டுங்கள். துண்டுக்குத் துண்டு இடைவெளி விடாதீர்கள், அந்த இடைவெளியில்தான் வியர்வையும் தண்ணீரும் புகும். ஒன்றன் மேல் ஒன்று ஏறவும் கூடாது, மேடு தட்டும். டேப் பேஸின் ஓரத்துக்கு வெளியே ஒரு நூல்கூடத் தெரியக்கூடாது, அழுக்கைப் பிடித்துக் கருப்புக் கோடு போடும்.

முன் லேஸுக்குப் பசை என்றால், லேஸில் தடவாமல் தலையில் தடவுங்கள். தண்ணீர்ப் பசை தடவும்போது பால் மாதிரி வெள்ளையாக இருக்கும், காயக் காயக் கண்ணாடி மாதிரி தெளியும். நீர்த்த மோர் ஊற்றிய மாதிரி மெல்லிய பூச்சு ஒன்று, அது முழுக்கத் தெளிந்த பிறகு அடுத்தது, இப்படி மூன்று அல்லது நான்கு. ஒரே தடவையில் கெட்டியாக அப்பினால் உள்ளே ஈரம் நின்று பிடிக்காது, லேஸ் கண் வழியாக முடியில் ஏறி வெள்ளைத் திட்டாகத் தெரியும். மழைக்காலத்தில் ஒவ்வொரு பூச்சும் காய இரண்டு மடங்கு நேரம் ஆகும்.

கடைசிப் பூச்சு தெளிந்து, விரல் வைத்தால் பிசுபிசு என்று பிடிக்கும்போது, பேட்ச்சின் முன் நடுப்புள்ளியைக் குறித்த இடத்தில் வையுங்கள். அங்கிருந்து இரு பக்கமும் லேஸை நீவி விடுங்கள். பிறகு டேப்பின் தாளை உரித்தபடி பின்னால் போங்கள். கோணலாக விழுந்துவிட்டால் பிடுங்காதீர்கள், ஆல்கஹால் அடித்து எழுப்பி மறுபடி வையுங்கள். சீப்பின் முதுகால் சுற்றிலும் ஐந்து நிமிடம் அழுத்திவிட்டு, ஒரு துணியை அரை மணி நேரம் கட்டி வையுங்கள்.

அதன்பின் 24 மணி நேரம் தலைக்குத் தண்ணீர் வேண்டாம், வியர்க்கும் வேலையும் வேண்டாம். ஞாயிறு ஒட்டச் சொன்னது இதற்குத்தான்.

வெளியே போகிறவர்களுக்கு

ஹெல்மெட்டைக் கழற்றும்போது பின்னாலிருந்து முன்னால் இழுக்கும் பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. அது முன் ஓரத்தை உரசிக்கொண்டே போகும். இரு பக்கப் பட்டையையும் பிடித்து அகட்டி, நேராக மேலே தூக்குங்கள். உள்ளே வழவழப்பான மெல்லிய தொப்பி ஒன்று போட்டுக்கொண்டால் உரசல் குறையும். நெற்றி வியர்வையைத் துடைக்காமல் ஒற்றுங்கள். தண்ணீர்ப் பசையில் வியர்வை ஏறினால் மறுபடி வெள்ளையாகி இளகும். நிழலுக்கு வந்து காயவிட்டால் பல நேரம் தானே இறுகிவிடும், அந்த நேரத்தில் கை வைக்காமல் இருப்பதுதான் வைத்தியம்.

தலையணை உறை சாட்டின் துணியாக இருக்கட்டும். ஈரத் தலையோடு படுக்கக் கூடாது.

என் பைக் பெட்டியில் ஒரு சின்னப் பை எப்போதும் இருக்கும். நீள டேப்பை வெட்டி வைத்த ஆறு துண்டுகள், ஆல்கஹால் நனைத்த சிறு துடைப்புத் தாள்கள், சீப்பு, கைக்கண்ணாடி. ஓரம் தூக்கினால் அந்த இடத்தின் பழைய பிசினைத் துடைத்து எடுத்து, காயவிட்டு, ஒரு துண்டு டேப் வைத்து அழுத்தினால் வீடு வந்து சேரும்வரை தாங்கும். பெட்ரோல் பங்க் கழிவறைக் கண்ணாடி போதும்.

சலூனுக்கே போவதாக இருந்தால்

கை நடுக்கம் உள்ளவர்கள், கிட்டப் பார்வை மங்கலானவர்கள், முழு லேஸைப் பசையில் ஒட்டியிருப்பவர்கள், வீட்டில் தனிமை கிடைக்காதவர்கள் சலூனுக்கே போகலாம், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு உட்காராதீர்கள். ரிமூவர் அடித்துக் காத்திருக்கிறார்களா, வெடுக்கென்று இழுக்கிறார்களா? இழுத்தால் வேறு கடை பாருங்கள். ஷேவுக்குப் பிளேடு புதிதாகப் பிரிக்கிறார்களா? பழைய டேப் மேலேயே புது டேப் ஒட்டுகிறார்களா? பசை பாட்டிலின் லேபிளைக் காட்டச் சொல்லுங்கள். பெயர் சொல்ல மறுக்கும் பசையைத் தலையில் தடவ விடாதீர்கள். பேட்ச்சைக் கழுவ எடுத்துப் போகும்போது, பல பேருடையது ஒரே தொட்டியில் ஊறுகிறதா என்றும் பாருங்கள். ஒரே ஒரு சர்வீஸை முழுக்க போனில் வீடியோ எடுத்துக்கொள்ளச் சம்மதம் கேளுங்கள். நல்ல சலூன்காரர் சரி என்பார், சொல்லியும் கொடுப்பார். எனக்கு டேப் வெட்டும் விதத்தைச் சொல்லிக் கொடுத்தவர் இப்போது எனக்கு முடி வெட்டும் அண்ணன்தான். "இதுல மறைக்க என்ன தம்பி இருக்கு" என்று அவரே கையைப் பிடித்துக் காட்டினார்.

எண்ணெய்க் குளியல்

எண்ணெய்க்கும் இந்தப் பசைக்கும் ஆகவே ஆகாது, தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு ஓரத்தில் இறங்கினாலும் டேப் இளகும். பேட்ச் போட்ட முதல் இரண்டு தீபாவளிக்கும் காலையில் அம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து நிற்க, நான் ஏதோ சாக்குச் சொல்லி நழுவினேன். அம்மா முகம் வாடியது எனக்குத் தெரியும்.

கழற்றக் கற்றுக்கொண்ட வருடத்திலிருந்து முதல் நாள் இரவே கழற்றி, கழுவி, காயப் போட்டுவிடுகிறேன். விடிகாலையில் மணைப் பலகையில் உட்கார்ந்தால், அம்மா காய்ச்சிய நல்லெண்ணெயை உள்ளங்கையில் ஏந்தி வெறும் தலையில் வைத்துத் தேய்க்கிறார்கள். சீயக்காய் போட்டுக் குளித்த பிறகும் தோலில் எண்ணெய் மிச்சம் இருக்கும். அதனால் அதன்மேல் ஷாம்பு இரண்டு முறை போட்டு, நன்றாகக் காயவிட்டு, பஞ்சில் மஞ்சள் கறை வருவது நிற்கும்வரை ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். மதியம்வரை தோல் எண்ணெயைக் கக்கிக்கொண்டே இருக்கும், ஆகவே அன்றைக்கு மாலைக்கு மேல்தான் ஒட்ட வேண்டும். காலையில் வீட்டுக்கு வருகிறவர்களை நான் வெறும் தலையோடுதான் வரவேற்கிறேன்.